சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு

ஐப்பசி அடைமழையில் சீலிங் சொட்ட ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அடியில் ஒரு வாளி வைப்பார்கள். மழை விட்டதும் கொத்தனாருக்குப் போன் போகும். அவர் வந்து, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே நாலு தட்டோட்டைப் பெயர்த்து, புதுக் கலவை போட்டு மூடிவிட்டுப் போவார். அடுத்த மழையில் அதே இடம் மறுபடி சொட்டும். அவர் போட்ட கலவையில் குறையே இருக்காது. தண்ணீர் நுழைந்தது வேறு இடத்தில்.

இது ஏன் என்று புரிய, நம்மூர் மொட்டை மாடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடியில் நாலு, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். அதன்மேல் சராசரியாக 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம். சுருக்கி என்றும் சொல்வார்கள். அதற்கு மேலே தட்டோடு. மழைநீர் ஓடுவதற்கான வாட்டம் நடுவில் உள்ள ஜல்லித் தளத்தில்தான் கொடுக்கப்பட்டிருக்கும். கான்கிரீட் பெரும்பாலும் மட்டமாகவே இருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரத்துத் தட்டோட்டு இடுக்கில் இறங்கிய தண்ணீர், ஜல்லித் தளத்தில் ஊறி, கான்கிரீட்டின் தலையில் தேங்கும். அங்கிருந்து எங்கே பள்ளமோ, எங்கே விரிசலோ அங்கே போய்த்தான் கீழே இறங்கும். நுழைந்த இடத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் பத்து, பன்னிரண்டு அடி இடைவெளி இருப்பது சாதாரணம்.

ஆகவே முதல் வேலை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே கீழே நின்று கவனிப்பது. சொட்டுகிற நேரத்தில் கிடைக்கிற தகவல் வெயில் காலத்தில் எந்த நிபுணர் வந்தாலும் கிடைக்காது. ஈரம் படர்ந்த விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு. இரண்டு மூன்று கோடுகள் விழுந்ததும் ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சீலிங்கே காட்டிவிடும்.

நேரமும் பேசும். மழை தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் சொட்டினால் தண்ணீருக்கு நேர்வழி ஒன்று திறந்து கிடக்கிறது: மழைநீர்க் குழாயின் வாய், மாடிப்படி அறைச் சுவரின் அடி, தளத்தைக் குறுக்கே கடக்கும் விரிசல். மழை தொடங்கிப் பல மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்து, மழை விட்டும் இரண்டு மூன்று நாள் நிற்காமல் இருந்தால் ஜல்லித் தளம் முழுக்க நீர் கோத்திருக்கிறது. மழையே இல்லாத நாளில், காலையில் மோட்டார் போட்டபின் ஈரம் கூடினால் கூரையைக் குறை சொல்லாதீர்கள். மேல்தொட்டியின் அடி, வழிந்தோடும் குழாய், சோலார் ஹீட்டருக்குப் போகும் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். தொட்டியின் வால்வை இரவு அடைத்து, நீர்மட்டத்தை உள்ளே குறித்துவிட்டு, காலையில் பார்த்தால் சந்தேகம் தீரும். சாரலோடு வாடைக்காற்று அடிக்கும்போது மட்டும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் ஓதம் காத்தால், தண்ணீர் வருவது கைப்பிடிச் சுவரின் வெளிப்பூச்சு விரிசல் வழியாகவோ, சன்ஷேடு சுவரைத் தொடும் மூலை வழியாகவோ இருக்கும். அந்த வீட்டில் மாடி முழுக்க எத்தனை கோட்டிங் அடித்தாலும் பயன் இல்லை.

ஃபேன் மாட்டும் பெட்டியிலிருந்தோ லைட் பாயின்ட்டிலிருந்தோ சொட்டினால், முதலில் மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி மின்சாரத்தை நிறுத்துங்கள். கான்கிரீட்டுக்குள் போகும் ஒயரிங் பைப் தண்ணீருக்கு வாய்க்கால் மாதிரி. எங்கோ விரிசலில் பைப்புக்குள் புகுந்த தண்ணீர் அடுத்த அறை ஃபேனில் வந்து விழும். இந்த வகையில் சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மாடியில் நீர் கட்டிச் சோதிப்பது ஒன்றே வழி.

மாடியில் தேடுவது

கீழே சொட்டும் புள்ளியை இரண்டு சுவர்களிலிருந்து டேப்பால் அளந்து, மேலே அதே புள்ளியைக் குறியுங்கள். சுவர்க் கனத்தைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்: 9 அங்குலச் சுவர், பூச்சோடு சேர்ந்து சுமார் 10 அங்குலம். அந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகவும், பக்கத்திலுள்ள சுவர் ஓரங்களுக்கும் நகருங்கள். மாடியின் நடுவில் வெறும் தட்டோட்டின் வழியாக நுழையும் கசிவு குறைவுதான். ஒன்றும் இன்னொன்றும் சேரும் ஓரங்களில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கிறது.

முதல் சந்தேகம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. செங்கல் சுவர் ஒருவிதமாகவும் கான்கிரீட் ஒருவிதமாகவும் வெயிலில் விரிந்து சுருங்கும். 30 அடி நீளத் தளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீள்கிறது, மாலையில் ஒரு மழை பெய்து குளிர்ந்ததும் சுருங்குகிறது. அந்த இழுப்பைத் தாங்காமல் மூலைப்பூச்சு மயிரிழை அளவுக்குப் பிளந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் மூலையை ஒட்டித் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக ஒலித்துக்கொண்டு வந்த சத்தம் திடீரென்று பொக்கென்று மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பூச்சு சுவரை விட்டு நகர்ந்துவிட்ட இடம் அது. கைப்பிடிச் சுவரின் தலையையும் பாருங்கள். அங்கே வாட்டம் மாடிப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். தலையில் விரிசல் இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, மூலைக்கு அடியில் வந்து சேரும்.

அடுத்தது, பின்னால் மாடி எழுப்பலாம் என்று விட்டுவைத்த பில்லர் கம்பிகள். நம்மூரில் இதைப் பார்க்காத தெரு கிடையாது. கம்பி துருப்பிடித்ததும் பருமன் கூடுகிறது. சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிறகு ஒவ்வொரு மழைத்துளியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூணுக்குள்ளும் பீமுக்குள்ளும் இறங்குகிறது. கீழே அறை மூலையில், தூணும் பீமும் சேரும் இடத்தில், செம்பழுப்புக் கறையோடு ஈரம் தெரிந்தால் மேலே இந்தக் கம்பியைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். துரு கலந்த கறை என்பதால் இதை ஒத்திப்போடக் கூடாது. வீட்டின் எலும்பு அங்கே அரித்துக்கொண்டிருக்கிறது.

மழைநீர்க் குழாயின் வாய், டிஷ் ஆன்டெனாவுக்கும் கொடிக்கம்பிக்கும் அடித்த போல்ட், பழைய தளத்தோடு புதிதாக நீட்டிய தளம் சேரும் இணைப்பு, சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று — இவையும் வரிசையில் உண்டு. அரசங்கன்றைப் பிடுங்கினால் தண்டு மட்டும்தான் கையோடு வரும். வேர் உள்ளே இருந்து இன்னும் தடிமனாகத் துளிர்க்கும். வேர் போன இடம் வரை செங்கலைப் பெயர்த்து முழுதாக எடுத்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் நீர் கட்டிச் சோதியுங்கள். மாடி முழுக்கக் கட்ட வேண்டாம். 10 அடிக்கு 10 அடியாகப் பிரித்து, மெலிந்த சிமென்ட் கலவையால் 3 அங்குல உயர வரப்பு போட்டு, 2 அங்குலம் தண்ணீர் விடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் மழைநீர்க் குழாய் வந்தால் அதன் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைக்க வேண்டும். 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் நிறுத்தி, கீழே பென்சில் கோட்டைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் சுமார் 470 லிட்டர் நிற்கும், அதாவது 470 கிலோ எடை. நல்ல கான்கிரீட் தளம் இதைத் தாங்கும். தேக்குக் கட்டை அடுக்கி, செங்கல்லைச் சாய்த்து வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் தளத்திலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

நீர் கட்டும் சோதனை கைப்பிடிச் சுவரைச் சோதிக்காது, அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. சுவருக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், கீழிருந்து மேலே. முதலில் மூலையை ஒட்டி 20 நிமிடம், பிறகு கொஞ்சம் காத்திருந்து அதற்கு மேல் ஒரு அடி, கடைசியாகச் சுவர்த்தலை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எது கசிந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

சரிசெய்வது

கைப்பிடிச் சுவர் மூலையில், தட்டோட்டின் மேலேயே ஒரு பட்டை பூசிவிடுவதை ஏற்காதீர்கள். ஓரத்து ஒரு வரிசைத் தட்டோட்டையும் அடியிலுள்ள ஜல்லித் தளத்தையும் கான்கிரீட் தெரியும்வரை, 9 அங்குல அகலத்துக்கு எடுக்க வேண்டும். சுவர்ப்பூச்சை ஒரு அடி உயரத்துக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் இருக்கும்போதே லேட்டக்ஸ் (சிமென்ட்டில் கலக்கும் ரப்பர் பால்) கலந்த சிமென்ட் பாலை அடித்து, அது காய்வதற்குள் மூலையில் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் சாய்வாகக் கலவை வைத்து உருட்டுங்கள். கலவை: லேட்டக்ஸ் 1 கிலோ, சிமென்ட் 5 கிலோ, சுத்தமான மணல் 15 கிலோ. தண்ணீரை லேட்டக்ஸில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், வழியக் கூடாது. தண்ணீரைக் கூட்டினால் பூசச் சுலபமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கி மறுபடி பிளக்கும்.

மூலை இறுகியதும் சிமென்ட் பவுடரும் திரவமுமாக இரண்டு பாகமாக வரும் கோட்டிங்கை, பையில் போட்டிருக்கும் விகிதத்தில் எடைபோட்டுக் கலந்து அடிக்க வேண்டும். முதல் கோட்டின் ஈரத்திலேயே கண்ணாடி இழை வலையை அழுத்திப் பதித்து, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து, பிரஷைக் குறுக்காக ஓட்டி இரண்டாவது கோட்டு. சுவரில் ஒரு அடி ஏற வேண்டும், எடுத்த பள்ளத்தின் முழு அகலமும் மூட வேண்டும். மூன்று நாள் காயவிட்டு, நீர் கட்டிப் பார்த்து, பிறகு பூச்சும் ஜல்லியும் தட்டோடும் திரும்ப வைக்கலாம். வலையைப் பதிக்காமல் இரண்டு கோட்டும் அடித்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. வலை இல்லாத கோட்டிங் அடுத்த கோடையில் விரிசலோடு சேர்ந்து தானும் பிளந்துகொள்ளும். அந்த ஒரு மணி நேரம் மாடியில் நின்று பாருங்கள்.

மழைநீர்க் குழாயில் பிரச்சினையின் வேர், பிவிசி பைப்பில் சிமென்ட் ஒட்டாது என்பதுதான். எவ்வளவு நல்ல கலவை வைத்தாலும் காய்ந்ததும் பைப்பைச் சுற்றி மெல்லிய வளையமாக இடைவெளி விழும். பைப்பின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பைப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவி ஒட்டவையுங்கள். காய்ந்தபின் அந்த மணல் சிமென்ட்டைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்றி, கோட்டிங்கைக் குழாய்க்குள்ளேயும் 3 அங்குலம் இறக்கி அடிக்க வேண்டும். வாயைச் சுற்றி ஒன்றரை அடிச் சதுரம் மற்ற தளத்தைவிட ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தயங்காமல் இறங்கும்.

குழாய்களின் எண்ணிக்கையையும் இதோடு பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 930 லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது, அந்த அளவு மாடியில் அது 88,000 லிட்டர். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயாவது வேண்டும். ஒரே குழாயை நம்பியிருக்கும் மாடியில் ஒரு வேப்பிலைக் கொத்து அடைத்தால் போதும், கோட்டிங் எட்டாத உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிடும்.

பில்லர் கம்பிக்கு, பிளந்த கான்கிரீட்டை உதிர்த்து, துருவை வெள்ளிநிறம் தெரியத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, லேட்டக்ஸ் சிமென்ட் பால் இரண்டு கோட்டு கொடுங்கள். பிறகு கம்பி முழுவதும் மூடும்படி மெலிந்த கான்கிரீட்டால் உறைபோல் போட்டு, தலையைக் கூம்பாக முடியுங்கள். பின்னாளில் மாடி எழுப்பும்போது உடைத்து எடுப்பது சுலபம். உறையின் அடியில், தளத்தோடு சேரும் மூலைக்கும் கைப்பிடிச் சுவருக்குச் சொன்ன அதே வைத்தியம்தான்.

பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இணைப்பில் சிமென்ட் வைத்து அடைக்கவே கூடாது, அது அசையும் விரிசல். 12 மி.மீ. அகலத்துக்கு வெட்டிச் சுத்தம் செய்து, அடியில் ஃபோம் கயிற்றைத் திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட்டை 6 மி.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால்தான் ரப்பர்போல் இழுபடும். ஆழமாக நிரப்பினால் ஓரத்தை விட்டுப் பிய்த்துக்கொள்ளும்.

தட்டோட்டு இடுக்குகள் மட்டும் அரித்திருந்தால் பெரிய செலவு இல்லை. பழைய கலவையை அரை அங்குல ஆழத்துக்குக் கீறி எடுத்து, மேலே சொன்ன லேட்டக்ஸ் கலவையையே, மணலை நன்றாகச் சலித்து, அழுத்தி அடைத்தால் போதும். பொக்கென்று ஒலிக்கும் ஓடுகளை எடுத்து, 1:3 சிமென்ட் கலவையில், 50 கிலோ மூட்டைக்கு 1 கிலோ வாட்டர்புரூஃபிங் பவுடர் சேர்த்துப் பதிக்கலாம்.

ஜல்லித் தளமே உதிர்ந்துபோயிருந்தால் அந்த அடுக்கை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. செலவுக்குப் பயந்து பழையதன் மேலேயே இன்னொரு தளம் போடச் சொல்வார்கள். 3 அங்குல ஜல்லித் தளம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 1000 சதுர அடிக்கு 13 டன். அதை அடியில் ஏற்கெனவே நனைந்து பலவீனப்பட்ட கான்கிரீட்டின் மேல் ஏற்றுகிறோம், ஊறிய தண்ணீரையும் நடுவில் சிறைவைக்கிறோம். வேண்டவே வேண்டாம்.

புதிதாகப் போடும்போது பழைய பொதுப்பணித் துறை அளவே இன்றும் நல்ல அளவு: நன்கு வெந்த செங்கல் ஜல்லி 32 பங்கு, நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் இல்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குல வாட்டம் வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு காயக் கூடாது. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போட்டால் இரண்டு நாளில் வேலை முடியும். ஆனால் சிமென்ட் விறைப்பாக இறுகி வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணமுள்ளது. இதைத் தட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்துவருவது வருத்தமான விஷயம். கிடைத்தால் நாள் கூடினாலும் அவர்களிடமே கொடுங்கள்.

மேலே அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் கோட்டிங் கெட்டதல்ல. வெயிலைத் திருப்பி அனுப்பும், வீடு குளிரும், சிறு கீறல்களை மூடும். ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அது நிற்காது, ஈரத் தளத்தின் மேலும் நிற்காது. உள்ளே ஊறிய நீர் வெயிலில் ஆவியாகி மேலே தள்ள, கோட்டிங் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உரிந்துவிடும். அடிக்கும் முன் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் நின்றால் அந்த வாரம் அடிக்க வேண்டாம். இதனால்தான் இந்த வேலைக்கு மாசி முதல் ஆனி வரையே காலம். புரட்டாசியில் அவசரப்பட்டு ஆரம்பிக்கும் வேலை, அடுத்த கோடையில் மறுபடி செய்யவேண்டிய வேலை.

சீலிங்கில் உள்பக்கமாக வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்து மறைப்பது இதைவிடக் கெடுதல். சொட்டுவது நின்ற மாதிரி இருக்கும். வெளியேற வழியில்லாத தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே நின்று கம்பியைத் தின்னும். ஏற்கெனவே பெயர்ந்து கம்பி தெரிகிற இடத்தில், மேலே கசிவை நிறுத்தியபின், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவை நீக்கி, அதே லேட்டக்ஸ் கலவையை ஒரு தடவைக்கு 10 மி.மீ. என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கம்பி நாலில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ அறையில் முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள். கொத்தனாரே முடிவெடுக்கும் வேலை இல்லை அது.

வேலை முடிந்ததும் மறுபடி 24 மணி நேரம் நீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். சீலிங் உடனே வெளுக்காது. கான்கிரீட்டில் ஊறியது காயச் சில வாரங்கள் ஆகும், அதுவரை உப்புப் பூத்துக்கொண்டுதான் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். ஈரத்துணி வேண்டாம், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பழைய பட்டியைச் சுரண்டி எடுங்கள், ஆனால் பென்சில் கோடுகளை அழிக்காதீர்கள். ஒரு பெருமழை வந்து போய், அந்தக் கோடுகளுக்குள் புது ஈரம் தெரியாவிட்டால் பெயிண்டரை வரச்சொல்லலாம்.